குப்பைக்குப் போகும் காகிதமும் சாட்சி சொல்லும்

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், ஜவ்வாது மலை)



நம் மாணவர் பேரவை ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நாம் எல்லோரும் முதலில் செய்யும் வேலை, குரூப் போட்டோவில் நம்ம முகம் தெரியுதான்னு பார்ப்பதுதான். அப்புறம் நண்பன் எழுதிய கவிதையைப் படித்துக் கிண்டல் செய்வோம். மலராவது வீட்டுப் பெட்டிக்குள் போய்ச் சேரும். அதோடு அடித்த விழா அழைப்பிதழ், சாப்பாட்டு டோக்கன், விளையாட்டு விழா நோட்டீஸ் எல்லாம் மறுநாள் காலையில் மைதானத்தில் பறந்துகொண்டிருக்கும். கூட்டிப் பெருக்கும் அக்கா அள்ளிக்கொண்டு போய்க் கொளுத்திவிடுவார்.

அந்தக் காகிதங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிரிக்காதீர்கள்! உலகத்தின் பெரிய நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இப்படிப்பட்ட துண்டுக் காகிதங்களைப் பெட்டி போட்டு, குளிர்சாதன அறையில் வைத்துக் காப்பாற்றுகின்றன. ஏன் காப்பாற்றுகிறார்கள்? எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? அதனால் மலையிலிருந்தும் கிராமத்திலிருந்தும் படிக்க வந்திருக்கிற நமக்கு என்ன லாபம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

எவை அந்தக் காகிதங்கள்?

புத்தகம் என்பது வைத்திருந்து படிப்பதற்காக அச்சடிப்பது. ஆனால் வைத்திருப்பதற்காக இல்லாமல், அன்றைய வேலை முடிவதற்காக மட்டும் அச்சடிக்கும் தாள்கள் ஏராளம். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், பஸ் டிக்கெட், தீப்பெட்டி லேபிள், வரி ரசீது, தேர்தல் துண்டுப் பிரசுரம், மருந்துக்கடை விளம்பரம் எல்லாம் இந்த வகை. ஆங்கிலத்தில் இவற்றை ‘எபிமெரா’ என்பார்கள். ஒரு நாள் மட்டும் உயிர் வாழ்வது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. நம்ம பக்கத்தில் மழை விட்டதும் ஈசல் வருமே, அதுபோல. சாயங்காலம் வரும், விடிந்தால் இறகுதான் கிடக்கும்.

புத்தகம் எழுதுகிறவர்கள் பெரிய விஷயங்களை எழுதுகிறார்கள். ஆனால் தரை டிக்கெட் எவ்வளவு, கல்யாணத்தில் யார் வீட்டுப் பெண்ணை யார் கட்டினார்கள், ஒரு படி புளி என்ன விலை என்பதையெல்லாம் யாரும் புத்தகமாக எழுதி வைப்பதில்லை. அது துண்டுக் காகிதத்தில்தான் இருக்கும். சாதாரண ஜனங்களின் வாழ்க்கைக்கு அதுதான் பல சமயம் ஒரே சாட்சி.

கோட்டையூரில் ஒரு பெயர்ப்பலகை ஓவியர்

தமிழ்நாட்டில் இந்த உண்மையைப் புரிந்துகொண்ட ஒருவர் காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார். இவர் பேராசிரியர் இல்லை. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். தொழில் கற்றுக்கொள்ளச் சென்னைக்கு வந்தவர், மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்த ஆசை கடைசி வரை விடவில்லை. கையில் கிடைத்த காசையெல்லாம் பழைய அச்சுத் தாளில் போட்டார்.

அவர் புத்தகம் மட்டும் வாங்கவில்லை என்பதுதான் விசேஷம். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கடிதம், பத்திரிகைத் துணுக்கு, மலிவு விலைக் கதைப்பாட்டு என்று மற்றவர்கள் கடலை மடிக்கக் கொடுத்துவிடும் சரக்கையும் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள், அதில் பாதி புத்தகங்கள். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் கோட்டையூர் வீட்டைத் தேடி வந்து படித்துவிட்டுப் போனார்கள்.

1992-இல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பு சிதறிப் போயிருக்கலாம். ஆனால் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. மூலப் பிரதிகள் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும், எங்களுக்கு மைக்ரோபிலிம் நகல் போதும் என்றார்கள். அப்படி 1994-இல் சென்னையில் உருவானதுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நண்பர்களே, அது இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக் வளாகத்தில்! நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் நடமாடும் வளாகத்திலேயே நூறு வருடத்து நாடக நோட்டீஸ் இருக்கிறது.

படம் போய்விட்டது, நோட்டீஸ் இருக்கிறது

தமிழில் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’. 31-10-1931 அன்று வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கம், டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. இன்று அந்தப் படத்தின் ஒரு பிரதி கூட இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்ற மௌனப் படமும் அப்படியே போய்விட்டது. பிலிம் சுருளைக் காப்பாற்ற முடியாமல் போன விஷயத்தில் நமக்கு மிஞ்சியிருப்பது என்ன? அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரமும் விமர்சனமும் சில படங்களும்தான். ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுத்த படத்துக்குக் காலணா பெறாத காகிதம் சாட்சி சொல்கிறது.

காகிதம் ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் போதும். தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சானது. மொத்தமே 16 பக்கம். அதில் நமக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது ஒரே பிரதி, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அந்த ஒரு பிரதியை யாரோ அடுப்பில் போட்டிருந்தால்? தமிழ் அச்சு வரலாற்றின் முதல் பக்கமே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

தேதி இல்லாத தாளுக்கு வயது கண்டுபிடிப்பது எப்படி?

இது இந்தக் கட்டுரையின் முக்கியமான பாடம். நோட்டீஸ்களில் பெரும்பாலும் “வருகிற சனிக்கிழமை இரவு 10 மணிக்கு” என்று மட்டும் இருக்கும். எந்த வருஷத்துச் சனிக்கிழமை? டாக்டர் நாடி பார்ப்பது போல நாமும் சில அடையாளங்களைப் பார்க்கலாம்.

1. காசு. ரூபாய், அணா, பை என்று விலை இருந்தால் அது பழைய கணக்கு. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. 1-4-1957-இல் ஒரு ரூபாய்க்கு 100 காசு என்ற முறை வந்தது. அப்போது பழைய பைசாவோடு குழம்பாமல் இருக்க ‘நயா பைசா’ என்றார்கள். 1964-இல் ‘நயா’ போய்விட்டது. ஆக ‘ந.பை.’ என்று அச்சடித்த டிக்கெட்டைப் பார்த்தால் அதன் வயது ஏறத்தாழ ஏழு வருட இடைவெளிக்குள் அகப்பட்டுவிடும்.

2. முகவரி. ஆறு இலக்க பின்கோடு 15-8-1972-இல் வந்தது. பின்கோடு இருந்தால் அந்தத் தாள் நிச்சயம் அதற்குப் பிந்தியது.

3. ஊர், மாநிலப் பெயர். மெட்ராஸ் மாநிலம் 14-1-1969 முதல் தமிழ்நாடு. நகரத்துக்கு ஆங்கிலத்திலும் சென்னை என்ற பெயர் 1996-இல் வந்தது. மாவட்டப் பெயர் இன்னும் நல்ல அடையாளம். எங்கள் ஜவ்வாது மலை முழுக்க முன்பு வட ஆற்காடு மாவட்டம். 30-9-1989-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலையோடு போனது. புதூர்நாடு பக்கம் இருக்கும் நாங்கள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அப்புறம் வேலூர். 28-11-2019 முதல் திருப்பத்தூர். வீடு அசையவில்லை, மாவட்டம் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது!

4. எழுத்து. லை, ளை, னை, ணை ஆகிய எழுத்துகள் யானைத் துதிக்கை போலக் கொம்பு வைத்தும், ணா, றா, னா சுழித்தும் இருந்தால் பழைய வடிவம். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ஆனால் ஒரு எச்சரிக்கை. பெரியாரின் ‘குடி அரசு’ 1935-லேயே இந்தச் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. அதே சமயம் சின்ன அச்சகங்களில் பழைய ஈய எழுத்து தேயும்வரை 1978-க்குப் பிறகும் ஓட்டியிருப்பார்கள்.

5. அடிவரி. நோட்டீசின் கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அது விளம்பரத்துக்காக மட்டும் போட்டதில்லை. 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சடிக்கும் தாளில் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்கவேண்டும் என்று வெள்ளைக்கார அரசு கட்டாயம் ஆக்கியிருந்தது. யார் எதை அச்சடிக்கிறார்கள் என்று கண்காணிக்கப் போட்ட சட்டம், இன்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உதவுகிறது பாருங்கள்!

இதில் ஒரு பொது விதி உண்டு. புதிய அடையாளம் இருந்தால் “இந்தத் தேதிக்குப் பிந்தியது” என்று உறுதியாகச் சொல்லலாம். பழைய அடையாளம் இருந்தால் “இதற்கு முந்தியது” என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் ஆபீசில் பழைய பாரம் கட்டுக்கட்டாக மிச்சம் இருக்கும். தீரும்வரை அதையேதான் எழுதுவார்கள். அதனால் ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். சர்வேயில் ஒரு புள்ளியை இரண்டு பக்கமிருந்து சரிபார்ப்பது போலத்தான்.

காகிதம் ஏன் சாகிறது?

இது நம்ம சப்ஜெக்ட். கொஞ்சம் கவனியுங்கள்.

காகிதம் என்பது செல்லுலோஸ் நார்கள் ஒன்றோடொன்று பின்னிய பாய். ஒவ்வொரு நாரும் நீளமான சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. சங்கிலி நீளமாக இருக்கும்வரை தாள் மடங்கும், வளையும். அமிலமும் ஈரமும் சேர்ந்தால் சங்கிலி நடுநடுவே அறுபடும். அப்புறம் தாள் அப்பளம் மாதிரி ஆகிவிடும். தொட்டால் நொறுங்கும்.

அமிலம் எங்கிருந்து வருகிறது? பழைய காலத்தில் பருத்தி, லினன் கந்தல் துணியை ஊறவைத்து அடித்துக் காகிதம் செய்தார்கள். அதில் செல்லுலோஸ் சுத்தமாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழ் வந்தது. மரத்தை அப்படியே அரைத்தால் லிக்னின் என்ற பொருளும் கூடவே வரும். வெயில் பட்டால் அது பழுப்பாகும். இது போதாதென்று மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் மரப்பிசினும் கலந்தார்கள். படிகாரம் அமிலத் தன்மை உள்ளது. ஆகவே 300 வருடத்துத் துணிக் காகிதம் வெள்ளையாக இருக்கும், 60 வருடத்து நோட்டீஸ் பொடியாக உதிரும். வயது மட்டும் காரணம் இல்லை, உடம்பில் ஓடும் ரத்தம் அப்படி. சந்தேகம் இருந்தால் இன்றைய செய்தித்தாளில் பாதியை நோட்டுக்குள்ளும் பாதியை ஜன்னல் வெயிலிலும் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள்.

இதற்கு வைத்தியம் என்ன? சிவில் மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது ஏன்? சிமென்ட் தரும் காரத் தன்மையால்தான். காரம் குறைந்தால் கம்பி துருப்பிடிக்கும். காகிதத்துக்கும் அதே கதை. பழைய தாளைச் சுண்ணாம்பு நீரில், அதாவது நீர்த்த கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைப்பது ஒரு பழைய முறை. அமிலம் நீங்கும். உலரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகித் தாளுக்குள் காவல் நிற்கும். நாளை புதிதாக அமிலம் வந்தாலும் அது சமாளிக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் அதே சுண்ணாம்பு! ஆனால் இதை வீட்டில் செய்து பார்க்கக்கூடாது. மை கரைகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். அது பயிற்சி பெற்றவர்கள் வேலை.

இன்னொரு விஷயமும் நமக்கு உரியது. பழைய கட்டட வரைபடங்கள் நீல நிறத்தில் வெள்ளைக் கோடாக இருக்குமே, அந்த புளூபிரிண்ட் முறையை 1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். மற்ற தாளுக்கு மருந்தாகும் காரம் இதற்கு விஷம். காரம் பட்டால் நீலம் மங்கிவிடும். ஆகவே புளூபிரிண்டைச் சுண்ணாம்புச் சத்து சேர்த்த உறைக்குள் வைக்கக்கூடாது. ஒரே மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது.

அமிலம் தவிர மற்ற எதிரிகளும் உண்டு. கரையான், ராமபாணப் பூச்சி, கரப்பான் ஆகியவை தாளையும் பசையையும் தின்னும். குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளை ஓட்டையாக்கும். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். பழைய பைண்டர்கள் பூச்சி வராமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது, ஆனால் துத்தத்திலுள்ள செம்பு காகிதத்தை உள்ளிருந்து அரிக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது நாம் பெரிதும் நம்பும் செல்லோடேப். முதல் வருடம் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு பிளாஸ்டிக் உரிந்து போகும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகி எழுத்தை விழுங்கும். காப்பகங்களில் கிழிசலை மெல்லிய ஜப்பான் காகிதமும் கோதுமை மாவுக் கஞ்சிப் பசையும் வைத்து ஒட்டுகிறார்கள். ஏன் தெரியுமா? தண்ணீர் தொட்டால் அந்த ஒட்டு மறுபடி பிரிந்துவிடும். “நாம் செய்த வேலையை நாளை வருகிறவர் பிரிக்க முடியவேண்டும்” என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் விதி. நம்ம சான்றிதழ்களைக் கடையில் கொடுத்துச் சூடு வைத்து லேமினேஷன் செய்கிறோமே, அது இந்த விதிக்கு நேர் எதிர். அப்புறம் பிரிக்கவே முடியாது.

மலையும் காகிதமும்

எங்கள் மலையிலேயே காகிதத்தின் அருமைக்கு ஒரு உதாரணம் இருக்கிறது. காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்க்காத மலைப் பள்ளிப் பிள்ளை இருக்காது. அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வேர், சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய வான்நோக்கு நிலையம். அங்கே 1796 முதல் கோல்டிங்ஹாம் என்பவர் வெப்பம், காற்று என்று தினமும் குறித்து வைத்தார். தினப்படி எழுதும் சலிப்பான வேலைதான். ஆனால் 200 வருடத்துக்கு முந்திய சென்னை வெயிலைப் பற்றிப் பேச இன்று அந்தக் கணக்குதான் ஆதாரம். அந்த நிலையத்தின் பழைய ஏடுகளைப் பெங்களூரில் நிறுவனத்தின் காப்பகத்தில் பாதுகாக்கிறார்கள்.

வெள்ளைக்காரர் கணக்கு எழுதினார், அது இருக்கிறது. நம்ம ஜனங்கள் கணக்கு எழுதவில்லை. அப்போ நம்ம சாட்சி எங்கே?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிப்பவன் நான். அப்பா, அம்மா இரண்டு பேரும் கைநாட்டு. பாலிடெக்னிக்கில் சேர சாதிச் சான்று கேட்டபோது, “சொந்தத்தில் யாருக்காவது ஏற்கெனவே சான்று இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. முதல் ஆள் நான் என்னும்போது முந்தைய சான்று எப்படி இருக்கும்? அப்பா தகரப் பெட்டியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தார். தாத்தா பெயரில் வீட்டு வரி ரசீது, பழைய ரேஷன் கார்டு, ஓட்டுச் சாவடி சீட்டு, புளி வியாபாரி எழுதிக் கொடுத்த கணக்குத் துண்டு, பஸ் டிக்கெட், திருவிழா நோட்டீஸ், விதைப் பாக்கெட் உறை, ஒரு சினிமா நோட்டீஸ் கூட இருந்தது. “இதெல்லாம் ஏம்பா வச்சிருக்கே?” என்று கேட்டேன். “எது முக்கியம்னு எனக்குத் தெரியாதுடா. எழுத்து இருந்தா எடுத்து வச்சுடுவேன்” என்றார்.

படித்தவர்கள் படித்துப் பார்த்துவிட்டு எறிந்துவிடுகிறோம். படிக்கத் தெரியாத காரணத்தாலேயே அப்பா எதையும் எறியவில்லை. கோட்டையூர்க்காரர் ஆசைப்பட்டுச் சேர்த்ததை அப்பா பயந்து சேர்த்திருக்கிறார்.

அதில் ஒரு ரசீதை எடுத்துக்கொண்டு மலை இறங்கினோம். நாலாக மடித்து வைத்ததால் மடிப்பு சரியாக எண் மேல் விழுந்திருந்தது. யாரோ ஒட்டிக் கொடுத்த செல்லோடேப் பழுப்பாகி எண் தெரியவில்லை. இன்னொரு ரசீதில் எண் தெரிந்தது, ஆனால் “மாவட்டம் வட ஆற்காடுன்னு இருக்கே, நீங்க வேற மாவட்டமாச்சே” என்று ஒரு அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். பஸ் செலவு, கூலி நஷ்டம், அப்பா முகத்தில் வருத்தம். மூன்று முறை இறங்கி ஏறினோம். கடைசியில் எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் மாவட்டம் பிரிந்த தேதிகளை வரிசையாக எழுதி, தாத்தா ரசீதையும் அப்பா ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே ஊர், அதே கதவு எண் என்று காட்டிய பிறகுதான் வேலை நடந்தது.

பிறகு தெரிந்துகொண்டேன். 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி உள்ள பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்ற எங்கள் இனத்தின் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயரும் இருக்கிறது. அதில் இருப்பதும் வட ஆற்காடுதான்! அந்தப் பெயர் இருந்த பழைய ரசீது குற்றமில்லை. அது பலம்.

நிலத்துக்கும் இப்படித்தான். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 13-12-2005-க்கு முன்பே காட்டு நிலத்தில் இருந்து உழுது வந்த பழங்குடியினர் உரிமை கேட்கலாம். அதற்கு என்னென்ன ஆதாரம் காட்டலாம் என்று விதிகளில் பட்டியல் உண்டு. வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, பழைய பட்டா, சர்வே வரைபடம் இவை காகித ஆதாரம். வீடு, வரப்பு, கிணறு, சுடுகாடு, கோயில் போன்றவை கண்ணால் காணும் ஆதாரம். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம்தான், ஆனால் அந்தப் பெரியவர் உரிமை கேட்பவராக இருக்கக்கூடாது. ஒன்று மட்டும் போதாது, ஒன்றுக்கு மேல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருந்தால் இந்த வேலை எவ்வளவு சுலபம்!

நாம் செய்யக்கூடியவை

1. ஊருக்குப் போகும்போது வீட்டுக் காகித மூட்டையை அவிழ்த்து, அப்பா அம்மாவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள். எது என்ன என்று அவர்களுக்கும் தெரியட்டும். அவர்கள் சொல்லும் விவரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. குறிப்பைத் தாளின் மேல் பேனாவால் எழுதக்கூடாது. தனி உறை மேல் பென்சிலால் எழுதுங்கள். பென்சில் மை போல ஊறாது, மங்காது.

3. மடிப்பைப் பிரித்து நேராக வையுங்கள். குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டை எடுத்துவிடுங்கள். செல்லோடேப் புதிதாக ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள்.

4. லேமினேஷன் வேண்டாம். பாலியெஸ்டர் உறை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் நல்ல வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து அட்டைப் பெட்டியில் வையுங்கள். வாடை அடிக்கும் பி.வி.சி. கவர் ஆகாது, அதிலிருந்து வரும் அமிலம் தாளைக் கெடுக்கும்.

5. பெட்டியைத் தரையிலும் மண் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். ஈரமும் கரையானும் அங்கிருந்துதான் ஏறும். விதைச் சாமையைப் பூச்சி அண்டாமல் வருஷக் கணக்கில் வைத்திருக்கத் தெரிந்தவர்கள் நம்ம பாட்டிமார்கள். நம் காகிதத்துக்கும் அந்த அக்கறை போதும்.

6. மெஷினில் வரும் பஸ் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு, பணம் கட்டிய ரசீது எல்லாம் சூட்டில் கறுக்கும் தாள். அதில் மை கிடையாது. சில மாதத்திலேயே வெள்ளையாகிவிடும். முக்கியமானது என்றால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். தாத்தாவின் ரசீது பல வருடம் தாங்கியது, நம்ம ரசீது ஒரு வருடம் தாங்காது!

7. செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். ஆனால் போட்டோ இருக்கிறதே என்று மூலத்தை எறியாதீர்கள். பெரிய நூலகங்களே மைக்ரோபிலிம் எடுத்த பிறகும் மூலத்தை வைத்திருக்கின்றன. சரியாகக் கழுவிச் சரியாக வைத்தால் 500 வருடம் தாங்கும் என்று மதிப்பிடும் பிலிம் அது. அப்படியிருந்தும் மூலத்தை விடவில்லை.

முடிவுரை

அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு. ஜமீன்தார்களுக்குப் பத்திரம் உண்டு. கூலி வேலை செய்து, சாமை விதைத்து, புளி உலுக்கி வாழ்ந்தவர்களுக்கு ஒரு ரசீதும் ஒரு டிக்கெட்டும்தான் உண்டு. அதையும் நாம் எறிந்துவிட்டால், நம்ம தாத்தா பாட்டி இந்த மண்ணில் இருந்தார்கள் என்பதை நாளைக்கு யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியாக நம் பேரவைச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருட மலர், அழைப்பிதழ், நோட்டீஸ், டோக்கன் ஆகியவற்றில் ஒவ்வொரு பிரதி போட்டு வைக்க நூலகத்தில் ஒரு பெட்டி ஒதுக்குங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை, ஒரு அட்டைப் பெட்டியும் ஒரு பென்சிலும்தான். அப்புறம், இந்த வருட விளையாட்டு விழா நோட்டீசில் “வருகிற வெள்ளிக்கிழமை” என்று மட்டும்தான் இருக்கிறது. அடுத்த முறை வருஷத்தையும் அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். ஐம்பது வருடம் கழித்து அதைக் கையில் எடுக்கும் தம்பி தங்கைகள் சிரமப்பட வேண்டாம்.